இருபத்து நான்கில் ஒரு பங்கு: மாதிரிக் கார் கட்டத் திரும்பி வருகிறவர்கள்

மாதிரிக் கார் கிட் என்பது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நூறு, நூற்றைம்பது பாலிஸ்டைரீன் துண்டுகள் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே நான்கு ரப்பர் டயர்கள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கல் தாள், படம் போட்ட செய்முறைக் கையேடு. துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்தால் அசலின் இருபத்து நான்கில் ஒரு பங்காக, ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கார் மேசைமீது நிற்கும். இந்தப் பெட்டிகள் ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பையன்களை நம்பியே செய்யப்பட்டவை. இன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அவற்றை வாங்குகிறவர்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களே கண்ணுக்குத் தெரிகிறார்கள். சிறுவயதில் கட்டி, பதினைந்து பதினாறு வயதில் விட்டுவிட்டு, இருபது முப்பது ஆண்டு கழித்து மறுபடி மேசையில் உட்கார்ந்தவர்கள்.

இவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று நிறையப் பேசப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் பழைய நினைவுகளோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. திரும்பி வந்தவர்களில் பலர் முதல் பெட்டியையே முடிக்காமல் மறுபடி ஒதுங்கிவிடுகிறார்களே, அது ஏன்? கண் மங்கிவிட்டது, நேரம் கிடைப்பதில்லை, விலை ஏறிவிட்டது என்று காரணங்கள் சொல்கிறார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனாலும் இந்தக் கிட்டுகள் வந்த வழியையும், மாறிய விதத்தையும், மேசைமீது நாள்தோறும் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாத் தடங்களும் பெயிண்டில் வந்து முடிகின்றன. சிறுவனாக இருந்தபோது செய்தது ஒட்டும் வேலை. இப்போது காத்திருப்பது வண்ணமடிக்கும் வேலை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வருகிறவர் இடறி விழுகிறார்.

இந்தத் தொழில் விளம்பரத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கார் விற்பனையகங்கள், புது மாடலின் வடிவத்தை வாடிக்கையாளருக்குக் காட்டவும் அவர் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பவும் சிறிய கார்களைக் கேட்டன. டெட்ராய்ட் வழக்கறிஞர் வெஸ்ட் காலோக்லி 1948-இல் அதற்காகவே ஏஎம்டி நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் அலுமினியத்தில் ஃபோர்டு காரை வார்த்தவர்கள் சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அதே ஊரில் ஜான் ஹேன்லி தொடங்கிய ஜோ-ஹான் நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. அந்த விளம்பரக் கார்களில் பல, அசல் காரின் நிறம் கொண்ட பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை. ஆரம்பத்தில் அவற்றுக்குப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் சில ஆண்டுகளில் நெளிந்து வளைந்துவிடும். இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பழைய கார்களில் கூரை தொங்கிப்போனவை அத்தனை இருப்பது அதனால்தான். பாலிஸ்டைரீன் வந்தபிறகு அந்தக் குறை தீர்ந்தது.

1958-இல் ஏஎம்டி அதே அச்சுகளை வைத்து, காரைத் துண்டுகளாகவே பெட்டியில் போட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்கரித்த காராக, பந்தயக் காராக. 1/25 என்ற அளவு அமெரிக்கக் கிட்டுகளில் நிலைத்துப்போனது இந்த விளம்பரக் கார்களின் வழியாகத்தான். சிகாகோவின் மோனோகிராம் 1/24-ஐப் பிடித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் ரெவெல், எட் ராத் போன்ற வினோதக் கார் வடிவமைப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் புதுக் கார் வரும்போது புதுக் கிட்டும் வரும். இந்த ஓட்டத்தின் உச்சத்தில் திசைகூட மாறியது. மோனோகிராமுக்காக டாம் டேனியல் வரைந்த ‘ரெட் பேரன்’, ஜெர்மானியப் போர்வீரனின் கூர்முனைத் தலைக்கவசத்தைக் கூரையாகக் கொண்ட கார். அது முதலில் கிட்டாக வந்து நன்றாக விற்றது. அதன் பிறகே, 1960-களின் இறுதியில், சக் மில்லர் அதை ஓடக்கூடிய முழு அளவுக் காராகக் கட்டினார்.

மாதிரிக் கார் கட்டுவதைக் கார் நிறுவனங்களே எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டன என்பதற்கு ஃபிஷர் பாடி கைவினைஞர் சங்கம் சான்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு 1930 முதல் 1968 வரை பதின்ம வயதுப் பையன்களுக்காக நடத்திய போட்டி அது. தொடக்கத்தில் ஒரு குதிரை வண்டியின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். பின்னர், தாங்களே வரைந்த காரை 1/12 அளவில் மரத்திலோ பிளாஸ்டரிலோ செய்து, வண்ணமடித்து அனுப்ப வேண்டும். பரிசு, கல்லூரி உதவித்தொகை. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவராக உயர்ந்தார். அந்தப் போட்டியில் வென்ற மாதிரிகளின் படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். நடுவர்களின் கண் முதலில் போவது மேற்பரப்பின் மேல். பளபளப்பில் ஒரு அலை தெரிந்தாலும் வடிவம் கெட்டுவிடும்.

ஜப்பானின் கதை மரத்தில் தொடங்குகிறது. யோஷியோ தாமியா 1946-இல் ஷிசுவோகாவில் மர வியாபாரம் தொடங்கினார். 1951-இல் தீ அவருடைய மரக் கிடங்கை அழித்தது. அதன்பின் மரத்தில் மாதிரிப் பொம்மைகள் செய்வதே முக்கியத் தொழிலாயிற்று. 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். அது நட்டத்தில் முடிந்தது. பிறகு வந்த பீரங்கி வண்டிகள் நிறுவனத்தைக் காப்பாற்றின. மகன் ஷுன்சாகு தாமியாவின் காலத்தில் கார்கள் பெருகின. 1976-இல் வந்த 1/12 போர்ஷே 934-க்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ வாங்கிப் பிரித்துப் போட்டு அளந்தார்கள். ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகியவையும் அதே ஷிசுவோகாப் பகுதியைச் சேர்ந்தவையே. அமெரிக்கக் கிட் என்ஜினையும் திறக்கும் முன்மூடியையும் கொடுத்தது. ஜப்பானியக் கிட், துண்டோடு துண்டு இழைந்து பொருந்தும் துல்லியத்தைக் கொடுத்தது. திரும்பி வருகிறவர் எந்த மரபிலிருந்து வந்தவர் என்பதைப் பொறுத்து அவருடைய எதிர்பார்ப்பும் மாறும்.

விட்டுப்போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஓட்ட ஒரு நிஜக் கார் கிடைக்கிற வயது, படிப்பு, வேலை, குடும்பம். 1973-க்குப் பிறகு கச்சா எண்ணெயோடு பிளாஸ்டிக்கும் விலை ஏறியது. எண்பதுகளில் வீடியோ விளையாட்டு பையன்களின் மாலைநேரத்தை எடுத்துக்கொண்டது.

திரும்புவதற்கான காரணம்தான் கவனிக்கத் தக்கது. ஏனென்றால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில் எந்தக் காரைப் பார்த்து ஏங்கினாரோ அந்தக் காரைத்தான் நாற்பதில் கட்ட வருகிறார். அமெரிக்காவில் முதல் தலைமுறை 1957 ஷெவ்ரோலேயையும் மஸ்டாங்கையும் தேடி வந்தது. ஜப்பானில், 1975-இல் தொடங்கிய ‘சர்க்யூட் நோ ஓகாமி’ என்ற காமிக்ஸ் தொடர் மூட்டிவிட்ட சூப்பர்கார் மோகத்தில் வளர்ந்தவர்கள் லம்போர்கினி கவுன்டாக்கைத் தேடி வந்தார்கள். இப்போது திரும்பிக்கொண்டிருப்பவர்கள் 1995-இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ காமிக்ஸையும், 1997-இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டையும், 2001-இன் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தையும் கண்டு வளர்ந்தவர்கள். டொயோட்டா ஏஇ86, நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சூப்ரா கிட்டுகள் கடைத்தட்டில் நிற்பதற்கு அதுவே காரணம். இந்த வயதுக் கணக்கை அறிந்துதான் கிட் நிறுவனங்கள் எந்த அச்சை மறுபடி எடுப்பது என்று முடிவு செய்கின்றன என்பது என் ஊகம். 2020-இன் ஊரடங்கு மாதங்கள் இந்த வரவை ஒரேயடியாகப் பெருக்கின. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் கிட்டுகளை வாங்கிக் குவித்ததில் பல நிறுவனங்களின் இருப்பு தீர்ந்துபோனது.

ஆனால் பழைய நினைவு ஒருவரைக் கடைவரை மட்டுமே கொண்டுவரும். மேசைமுன் உட்கார்ந்தபின் அது எதற்கும் உதவாது. அங்கே முதலில் எதிர்ப்படுவது கிட் மாறியிருப்பது. புதிய கிட்டுகள் நிஜக் காரை லேசரால் அளந்து, கணினியில் வரைந்து, பல திசையிலும் நகரும் அச்சில் வார்க்கப்படுகின்றன. பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் மறுபதிப்புகளில் இருக்கிறது. ஏஎம்டி, எம்பிசி ஆகிய பழைய கிட் நிறுவனங்களின் பெயர்கள் இப்போது இந்தியானா மாநிலத்தின் ரவுண்ட் 2 நிறுவனத்திடம் உள்ளன. அவர்கள் அறுபதுகளின் அட்டைப்பட ஓவியத்தோடு பழைய கிட்டுகளை மறுபடி கொண்டுவருகிறார்கள். திரும்பி வருகிறவர் முதலில் எடுப்பதும் அந்தப் பெட்டியைத்தான். உள்ளே இருப்பது அறுபது ஆண்டு உழைத்த எஃகு அச்சின் வார்ப்பு. ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு பிதுங்கியிருக்கும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் கோடு ஓடும். அடித்தட்டும் உடலும் எளிதில் சேராது. பன்னிரண்டு வயதில் இதையெல்லாம் கவனிக்காமல் கட்டினோம். இப்போது கண்ணில் குத்துகிறது. முதல் கிட்டாகப் பழைய மறுபதிப்பை எடுக்க வேண்டாம் என்று எவரிடமும் தயங்காமல் சொல்வேன்.

பசையும் மாறியிருக்கிறது, நல்லபடியாக. பழைய டியூப் பசை நூல் நூலாக இழுபட்டு, விரல்ரேகையைக் கண்ணாடிமேல் பதித்துவிடும். இன்றைய மெல்லிய பசை ஒரு கரைப்பான். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடி, பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். குரோமியப் பூச்சுள்ள துண்டுகளில் மட்டும் ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட வேண்டும். பூச்சு இருந்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடாது.

இனி வண்ணம்.

விமானமோ பீரங்கி வண்டியோ கட்டுகிறவருக்கு இல்லாத ஒரு சோதனை கார் கட்டுகிறவருக்கு உண்டு. பீரங்கி வண்டியில் சேறு, துரு, உரிந்த பெயிண்ட் எல்லாம் உண்மைக்கு நெருக்கம். தவறு நடந்தால் அதன்மேல் சேறு பூசலாம். கார் அப்படியில்லை. ஒரே துண்டாக வார்த்த உடல், முழுக்கப் பளபளப்பு, மறைக்க இடமே கிடையாது. உள்ளே என்ஜினுக்கு எத்தனை கம்பி இழுத்திருந்தாலும் பார்க்கிறவர் கண் கூரையில் ஒட்டிய தூசியில்தான் போய் நிற்கும்.

கணக்காகப் பார்த்தால் சோதனையின் அளவு தெளிவாகும். நிஜக் காரின் பெயிண்ட் அடுக்கு மொத்தம் 100 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். அதை 24-ஆல் வகுத்தால் நான்கு, ஐந்து மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. கவனமாகத் தெளித்தாலும் பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் சேர்ந்து பல பத்து மைக்ரான் ஆகிவிடும். 40 மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம். நிஜ அளவில் அது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடித்த பெயிண்ட். நிஜக் காரின் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.17 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடுக்கின் இரு பக்கமும் 40 மைக்ரான் ஏறினால் பாதி இடுக்கு அடைந்துபோகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வண்ணமடிக்குமுன் கதவுக் கோடுகளைக் கீறுளியால் ஆழப்படுத்திவிடுகிறார்கள். மெட்டாலிக் பெயிண்டிலும் இதே கணக்குதான். நிஜக் காருக்கான பெயிண்டை அப்படியே அடித்தால், 20 மைக்ரான் அலுமினியத் துகள் மாதிரியின்மேல், நிஜ அளவில் அரை மில்லிமீட்டர் மின்னுதுகளாகத் தெரியும். அரைத்து மெல்லிசாக்கிய துகளுள்ள பெயிண்டை மாதிரிகளுக்கென்றே தயாரிப்பது இதற்காகத்தான். நிஜக் கார் நிறுவனங்களின் நிறக் குறியீட்டுக்கு ஏற்ப ஏர்பிரஷ்ஷுக்காகவே கலந்து விற்கும் ஜீரோ பெயின்ட்ஸ் போன்றவையும் உண்டு.

வேலையின் வரிசை நம் ஊர் கார் பெயிண்ட் பட்டறையில் நடப்பதுதான்: பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பர், நிறம், கிளியர், பாலிஷ். கையும் கருவியும் மட்டும் சிறுத்திருக்கின்றன. முதலில் உடலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்க வேண்டும். அச்சுக் கோட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி. பிறகு பிரைமர், அது குறைகளைக் காட்டிக்கொடுக்கும், மறுபடி தேய்ப்பு. சிவப்புப் பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளை அடிக்க நினைப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் சாயம் கரைப்பானோடு மேலேறி, வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். இடையில் வெள்ளிநிறம் அடித்துத் தடுப்பது நடைமுறை.

எந்தப் பெயிண்ட் என்பதில் ஓயாத வாதம் நடக்கிறது. எனாமல் எண்ணெய்க் குடும்பம். காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெதுவாக இறுகும். தூரிகைக்கு நல்லது, காயப் பல நாள் எடுக்கும். பழைய டெஸ்டர்ஸ், ஹம்ப்ரோல் சிறு புட்டிகளில் இருந்தது அதுதான். அக்ரிலிக் வாசனை குறைந்தது, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கழுவலாம், ஆனால் காருக்கு வேண்டிய ஆழ்ந்த பளபளப்பைத் தர அடம்பிடிக்கும். லாக்கர் கரைப்பான் ஆவியானதும் காய்கிறது, பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்கிறது, தேய்த்து மெருகேற்ற இடம் கொடுக்கிறது. வாசனையும் நச்சும் அதிகம். என் தீர்ப்பு இது: உடலுக்கு லாக்கர், உள்ளே இருக்கைக்கும் என்ஜினுக்கும் அக்ரிலிக், நுணுக்கக் கோடுகளுக்கு எனாமல். ஒன்றின்மேல் ஒன்று அடிக்கும்போது விதி மீறக் கூடாது. லாக்கரின்மேல் எனாமல் நிற்கும். எனாமலின்மேல் லாக்கர் அடித்தால் கீழடுக்கு சுருங்கிச் சுருண்டுவிடும். திரும்பி வருகிறவர்கள் பாழாக்கும் முதல் உடல் பெரும்பாலும் இப்படித்தான் பாழாகிறது. வீட்டில் கிடந்த பழைய எனாமல் புட்டியும் கடையில் வாங்கிய புது ஸ்பிரே டப்பாவும் சந்தித்துவிடுகின்றன.

டப்பாவா ஏர்பிரஷ்ஷா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் டப்பா போதும் என்பேன். தாமியாவின் ஸ்பிரே டப்பாக்கள் நல்ல லாக்கர். வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் சீராகத் தெளிக்கும். கொதிநீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். 15, 20 சென்டிமீட்டர் தள்ளிநின்று, முதலில் பனிபோல இரண்டு மெல்லிய அடுக்கு, பிறகு ஈரமாக ஓர் அடுக்கு. தெளிப்பை உடலுக்கு வெளியே தொடங்கி உடலைக் கடந்து வெளியே முடிக்க வேண்டும். ஏர்பிரஷ் கையில் வந்தபின் பெயிண்டைப் பால் பதத்துக்குத் தின்னர் விட்டுக் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் மூக்கில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிப்பார்கள். கட்டுப்பாடு கூடும், கழுவும் வேலையும் கூடும். கழுவச் சோம்பல்படுகிறவருக்கு ஏர்பிரஷ் தீராத தலைவலி.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பெயிண்டின்மேல் நீர் படிந்து, பளபளப்பு வெளுத்து, பால் பூத்துப்போகும். சென்னையிலும் கொழும்பிலும் மழைமாதங்களில் இது தவிர்க்க முடியாத தொல்லை. ஈரம் குறைந்த நடுப்பகலில் அடிப்பது, ஆவியாதலைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துவது, குளிரூட்டி ஓடி ஈரம் இறங்கிய அறையில் காயவைப்பது ஆகியவை உதவும். ஜப்பானிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்லும் காயும் நேரங்களை இங்கே அப்படியே நம்பக் கூடாது.

அடித்து முடித்ததும் வேலை முடிவதில்லை. காய்ந்த பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். ஒரு வாரம் விட்டு, 2000-க்கு மேற்பட்ட வாட்டர் பேப்பரில் தொடங்கி, மேலும் மேலும் மென்மையான தாள்களுக்குப் போய், கடைசியில் பாலிஷ் களிம்பு. விளிம்புகளில் கை அழுந்தினால் நிறம் கிழிந்து பிரைமர் எட்டிப்பார்க்கும். அந்த ஒரு விளிம்புக்காக முழு உடலையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் இந்தத் துறையின் நேர்மையான கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும் மாதிரிதான் சிறந்தது என்று போட்டி மேசைகள் பழக்கிவிட்டன. ஆனால் அறுபதுகளில் டெட்ராய்ட் தொழிற்சாலையை விட்டு வந்த கார்களில் ஆரஞ்சுத் தோல் கண்ணுக்கே தெரியும். பந்தயக் கார்கள் அவசரமாக அடிக்கப்பட்டவை. அவற்றுக்கு மெருகேற்ற எவருக்கும் நேரம் இருந்ததில்லை. ஒரு லெ மான் காருக்குக் கண்ணாடிப் பளபளப்பு ஏற்றுவது அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது. இன்னொன்றும் உண்டு: தடித்த கிளியர், சிறிய காரை மிட்டாய்போல உருண்டையாக்கி, கூர்மையான மடிப்புகளை அழித்துவிடும். மெல்லிய அடுக்கும் மிதமான பளபளப்பும்தான் அளவுக்கு நேர்மையானது என்று நான் கருதுகிறேன். பழுத்த கட்டுநர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குரோமியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டியில் வரும் முலாம் பெரும்பாலும் தடித்துக் கண்ணாடிபோல இருக்கும். சலவை பிளீச்சில் ஊறவைத்தால் உலோகப் படலம் கரைந்துவிடும். அதன்பிறகு பளபளக்கும் கறுப்பின்மேல் ஆல்கிளாட் என்ற குரோம் பெயிண்டை அடிக்கலாம், அல்லது மோலோடோவ் குரோம் பேனாவால் தீட்டலாம். சன்னல் ஓரப் பட்டைகளுக்குப் பேர்-மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் உலோகத் தாளுக்கு இணை எதுவும் இல்லை. ஒட்டி, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, புத்தம்புது பிளேடால் நறுக்க வேண்டும்.

உடல்நலத்தைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. லாக்கரிலும் தின்னரிலும் டொலுவீன், சைலீன், கீட்டோன்கள் இருக்கின்றன. பசையின் ஆபத்து பழைய செய்தி. அறுபதுகளில் அமெரிக்கச் சிறுவர்கள் கிட் பசையைப் போதைக்காக முகரத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969-இல் தன் பசையில் கடுகு எண்ணெய்ச் சத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கு எரியும். பெயிண்டுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. துணி முகக்கவசமும் என்95-ம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். ஆவியை வீட்டுக்கு வெளியே தள்ளும் விசிறிப் பெட்டியும் வேண்டும். இரு பகுதிகளைக் கலந்து அடிக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் உண்டு, அது ஒரு முறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் ஆயுளுக்கும் விடாது. அசல் கார் பட்டறைக்காரர்கள் அதற்குத் தனிக் காற்றுக்குழாய் முகமூடி போடுகிறார்கள். பொழுதுபோக்காகச் செய்கிறவர் அதைத் தொடாமலே நல்ல கார் கட்டலாம். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கோ தீர்வு எளிது. தலையில் மாட்டும் உருப்பெருக்கியும் பக்கவாட்டிலிருந்து விழும் நல்ல வெளிச்சமும் போதும். சிலர் கைநடுக்கத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறார்கள். இரு மணிக்கட்டும் மேசைமீதும், இரு கைகளின் சுண்டுவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடியும் இருந்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும்.

இந்தியாவில் கிட்டைவிடப் பெயிண்ட் கிடைப்பதுதான் கடினம். தீப்பற்றும் பொருள் என்பதால் ஸ்பிரே டப்பாவையும் லாக்கரையும் விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கப்பலில் வரவழைக்கும் கடைக்காரரின் இருப்பை நம்பியிருக்க வேண்டும். ஆகவே கிட்டைத் தேர்ந்தெடுக்குமுன் அதற்கான நிறம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

இதற்கு நேர்மாறாக நடப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். திரும்பி வந்தவர்களிடம் இப்போது பணம் இருக்கிறது. சிறுவயதில் வாங்க முடியாமல்போன எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். கூடவே அமிலத்தில் அரித்தெடுத்த உலோகத் தகடுகள், திசைமாற்றிக்கும் இருக்கைப் பட்டைக்கும் துணி, 3டி அச்சில் வந்த சக்கரங்கள், என்ஜின்கள். ரெசின் அச்சுப்பொறி வீட்டு மேசைக்கே வந்துவிட்டதால் இனி எந்தச் சக்கரமும் கிடைக்காமல் போகாது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் முதல் காரில் அவை எல்லாவற்றையும் போட முயல்கிறவருக்கு வண்ணமடிக்கும் நாள் வருவதே இல்லை. தாமியாவின் என்ஜினில்லாத 1/24 கார் ஒன்று, மெட்டாலிக் இல்லாத ஒரே நிறம், டப்பாவிலிருந்து நேராக அடித்த லாக்கர். முதல் முயற்சிக்கு இதற்குமேல் வேண்டாம். கறுப்பு ஒவ்வொரு தூசியையும் காட்டும், வெள்ளை மூடிப் பிடிக்கத் தாமதமாகும். நடுத்தரமான நீலமோ மஞ்சள் கலந்த பச்சையோ பிழை பொறுக்கும். கெட்டுப்போனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் அக்ரிலிக்கும் பல லாக்கர்களும் கழன்றுவிடும், பாலிஸ்டைரீனுக்குக் கேடு வராது. உடலை மறுபடி வெறும் பிளாஸ்டிக்காக்க முடியும் என்று தெரிந்தவருக்கு ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுக்கும் பயம் பாதி போய்விடும்.

இந்தக் கழற்றும் வித்தை இன்னொரு வாசலையும் திறக்கிறது. அதைப் பற்றிப் போதிய அளவு எழுதப்படவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் அறுபதுகளில் ஒவ்வோர் ஆண்டும் புது அச்சு செய்யவில்லை. போன ஆண்டின் அச்சையே வெட்டித் திருத்தி இந்த ஆண்டின் காராக்கினார்கள். சில, பந்தயக் காராக மாற்றப்பட்டு அப்படியே நின்றுவிட்டன. எஃகில் வெட்டியதை மறுபடி நிரப்பிப் பழைய வடிவத்தைக் கொண்டுவருவது எளிதல்ல. அதனால் சில ஆண்டுகளின் சில கார்கள் இனி அந்த அச்சிலிருந்து வரவே வராது. மிஞ்சியிருப்பவை, அன்றைய சிறுவர்கள் டியூப் பசை வழிய ஒட்டி, தூரிகையால் தடிக்கப் பூசி, பரணில் போட்ட கார்கள்தான். முன்பு இவற்றைக் குப்பை என்று கழித்தார்கள். இப்போது அனுபவம் பெற்றுத் திரும்பியவர்கள் அவற்றைத் தேடி வாங்கி மீட்கிறார்கள். ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தால் பழைய டியூப் பசை நொறுங்கும் பதத்துக்கு வரும்; மெல்லிய தகட்டை இடுக்கில் செருகித் திருகினால் துண்டுகள் பிரியும். தடித்த எனாமலைக் கழற்றியதும் அடியில் கதவுக் கோடுகள் அப்படியே இருக்கும். உடைந்த பம்பருக்கு, இன்னொரு காரின் பம்பரைச் சிலிகான் அச்செடுத்து ரெசினில் வார்க்கலாம். உருகிப்போன கூரைத்தூணைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியெழுப்பிப் பட்டி பார்க்கலாம். அதன்பிறகு பிரைமர், நிறம், கிளியர் என்று மேலே சொன்ன அதே வரிசை. கிடைப்பதற்கரிய உடல் என்பதால் முதல் காராக இதை எடுக்கக் கூடாது. நான்கைந்து சாதாரணக் கார்களுக்கு வண்ணமடித்துக் கை பழகியபின் எடுக்கலாம்.